எச்சில் குழாயில் என்ன தெரியும்? சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்கப்படும் மரபணுச் சோதனைக் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் பசியாறாமல் வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் ஆட்கள். முன்பெல்லாம் இனிப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது கைப்பேசியை நீட்டி, "அக்கா, இந்த டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?" என்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்விகள் என்னிடம்தான் வருகின்றன, டாக்டரிடம் கேட்கக் கூச்சமாம். படித்தும், டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

துப்பிக் கொடுத்தால் அதில் என்ன பார்க்கிறார்கள்?

எச்சிலில் வாய்த்தோலின் செல்களும் வெள்ளணுக்களும் இருக்கும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அதை வாசிக்கும் உலகத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு வரும் பெட்டிச் சோதனை அவ்வளவையும் வாசிப்பதில்லை. முன்கூட்டியே குறித்து வைத்த சில லட்சம் இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கிறது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். பால்வெட்டைப் பார்க்க வரும் கங்காணி (மேற்பார்வையாளர்) நிரையில் உள்ள எல்லா மரத்தையும் பார்க்க மாட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்று பட்டையில் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நிரை முழுக்கச் சுத்தம் என்று ஆகிவிடாது. பெட்டிச் சோதனையும் அப்படித்தான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவச் சோதனை குறிப்பிட்ட நிரையில் ஒரு மரம் விடாமல் பார்ப்பது. இரண்டையும் 'டிஎன்ஏ டெஸ்ட்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

நம் ஊர்க்காரர்கள் ஏன் இதை எடுக்கிறார்கள்?

மேலை நாடுகளில் இதை வாங்கியவர்களைக் கேட்டால், சும்மா ஓர் ஆர்வம், பூர்வீகம் அறிய, நோய் அபாயம் அறிய என்று பதில் வரும். இங்கே நான் பார்த்தவரை முதலில் வருவது பயம். "அப்பா 48-இல் போய்விட்டார், எனக்கு இப்போது 46" என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குடும்பங்களில் யார் எதனால் இறந்தார் என்பதே தெரியாது. என் அப்பா தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். அவர் வைத்திருந்த பழைய நோட்டில் இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்', 'மூச்சு வாங்கல்', 'திடீர்' என்றுதான் இருக்கும். திடீர்! அது ஒரு நோயா? ஆனால் அந்த ஒரு சொல்லோடுதான் நாலு பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் மருத்துவ வரலாற்றைச் சுமக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்குத் தேவாலயப் பதிவேட்டில் ஏழு தலைமுறை இருக்கும். நமக்கு நோட்டில் இல்லாததை எச்சிலாவது சொல்லாதா என்ற ஏக்கம். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன்.

என் பூர்வீகம் எந்த ஊர் என்று தெரியுமா? ஜாதி தெரியுமா?

ஊர் தெரியாது. சோதனை நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு உங்களுடையதை ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்துக்கு நெருக்கம் என்று கணக்குப் போடுகிறது. அதன் கையில் தென்னிந்தியர் மாதிரிகள் குறைவாக இருந்தால், 'தென்னிந்தியா, இலங்கை' என்று ஒரு பெரிய வட்டம் போட்டு நிறுத்திக்கொள்ளும். தஞ்சாவூரா, சேலமா என்பதெல்லாம் உங்கள் எச்சிலில் எழுதியிருக்காது. நிறுவனம் தன் மாதிரிகளைக் கூட்டிக்கொண்டு போகப் போக, அடுத்த வருடம் உங்கள் சதவீதமும் மாறும். நீங்கள் மாறவில்லை, அவர்கள் கணக்கு மாறியது. ஜாதியை இந்தச் சோதனை சொல்லாது. அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் மேற்கொண்டு பதில் சொல்வதில்லை.

ஊர் வேண்டுமென்றால் பீரோவைத் திறங்கள். கங்காணி மூலம் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த முறை 1938-இல் நின்றது. அதற்கு முன் வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு தாள் இருந்திருக்கும். பிறகும் இந்தியாவுக்குப் போய் வந்த 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம்வரை ஓடிக்கொண்டிருந்தது, அதில் போய் வந்தவர்களின் பழைய கடப்பிதழில் பிறந்த கிராமம் இருக்கும். அதுவும் இல்லையா? குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். தோட்டத்து மாரியம்மன் எல்லோருக்கும் பொது. ஆனால் பாட்டி மொட்டை நேர்ந்துகொண்ட அந்த இன்னொரு சாமியின் பெயர் அநேகமாக ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்குக் கொண்டுபோய் விடும்.

ஒரு கதை சொல்கிறேன். ஈப்போவில் வேலை செய்யும் ஒரு தம்பிக்கு அக்கா பிறந்தநாள் பரிசாகப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். முடிவு வந்தது. முக்கால்வாசி தென்னிந்தியா. மீதி 24 சதவீதம் தென்சீனா. பையன் ஆடிப்போய், ஏதோ தவறாக மாறிவிட்டது என்று என்னிடம் கைப்பேசியைக் காட்டினான். பக்கத்தில் இனிப்பு நீருக்கு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த அவன் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு காசு கட்டினே? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே. எங்கம்மா சீனப் பிள்ளைடா. எங்க தாத்தா எடுத்து வளர்த்தது."

தோட்டப்புறத்தில் இது புதிதல்ல. வறுமையிலும் ஜப்பான்காரன் காலத்திலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்ததுண்டு. அந்தப் பிள்ளைகள் புடவை கட்டி, பொட்டு வைத்து, தமிழ் மட்டுமே பேசி, பால்குடம் எடுத்து, பாட்டிகளாகிப் போனார்கள். அம்மாவின் அம்மா முழுச் சீன வம்சம் என்றால் பேரனுக்கு 25-ஐ ஒட்டி வரும். கணக்கு சரி. சோதனை பொய் சொல்லவில்லை.

ஆனால் சோதனை அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைக் கொடுத்தது. சொந்தக்காரர் பட்டியலில், எங்கோ தூரத்து உறவு என்ற குறிப்போடு ஒரு சீனப் பெயர். பாட்டி தன்னைப் பெற்றவர்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எழுதலாமா, வேண்டாமா என்று அம்மாவும் மகனும் என் கவுண்டரிலேயே நின்று பேசினார்கள். மூன்று மாதம் கழித்து அம்மா மறுபடி வந்தபோது கேட்டேன். "இன்னும் எழுதல. என்னன்னு எழுதுறது?" என்றார்.

அதாவது, வீட்டு ரகசியம் வெளியே வரலாமா?

வரலாம். மேலே சொன்னது இனிப்பான கதை. அப்பா அப்பா இல்லை என்று தெரிந்த கதைகளும் உண்டு. நீங்கள் ஒருவர் துப்பினால் உங்கள் தம்பி, தங்கை, பிள்ளை எல்லோருடைய விவரத்திலும் பாதிக்கதவு திறந்துவிடும். பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள். தட்டு, டம்ளர் மாதிரிப் பரிசு இல்லை இது.

எனக்கு இனிப்பு நீர் வருமா என்று பார்க்க எடுக்கலாமா?

வேண்டாம். நம் ஆட்களுக்கு இனிப்பு நீர் அபாயம் அதிகம் என்பதை அறிய மரபணு தேவையில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாடு முழுவதும் 18.3 விழுக்காடு. மூவரில் ஒருவருக்கு இருக்கும் நோய்க்கு எதற்கு ஜாதகம்? வந்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்த இனிப்பு) பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

முடிவைப் பார்த்தால் பயந்து திருந்துவேன் என்கிறார்கள். 2,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளியானது. மரபணு அபாய அறிக்கை வாங்கியவர்கள் அதற்காகச் சாப்பாட்டையும் மாற்றவில்லை, நடையையும் கூட்டவில்லை. பெரிதாகக் கவலைப்படவும் இல்லையாம். நம் ஊரில் அறிக்கையைப் படித்துக்கொண்டே ரொட்டி சானாய்க்குக் கூடுதல் குழம்பு கேட்பவரை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்குப் பெட்டிச் சோதனையில் 'ஒன்றும் இல்லை' என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு மரபணுக்கள். இவற்றில் ஒன்றில் கேடான மாற்றம் இருந்தால் பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடும். 2013-இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி இதற்காகவே நோய் வருமுன் அறுவை செய்துகொண்டபோது உலகமே பேசியது. ஆனால் கேடு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த இரண்டிலும் ஆயிரக்கணக்கான கேடான மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. இவற்றைப் பார்க்க 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்ற முதல் பெட்டிச் சோதனை அவற்றில் 3-ஐ மட்டும் பார்த்தது. அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பிய யூத வம்சத்தில் அதிகம் காணப்படுபவை. பின்னர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், இருந்தாலும் முழு மரபணுவையும் வாசிப்பதாகாது. யூதப் பாட்டிகளின் மூன்று மரத்தைப் பார்த்துவிட்டு நம் நிரைக்குச் சான்றிதழ் கொடுத்தால் எப்படி?

இதற்குத் தலைகீழான ஆபத்தும் உண்டு. சிலர் பெட்டிச் சோதனையின் மூலத் தரவை இறக்கி வேறு தளங்களில் போட்டு, 'கேடு இருக்கிறது' என்று அலறியடித்து வருவார்கள். 2018-இல் ஓர் ஆய்வகம் அப்படி வந்த 49 மாதிரிகளைத் திரும்பச் சோதித்தது. சுட்டிய மாற்றங்களில் 40 விழுக்காடு அங்கே இல்லவே இல்லை.

சரி, என்ன செய்வது? முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை, உங்களை அல்ல. அம்மாவிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் உங்களிடம் அந்த ஓர் இடத்தைத் தேடினால் போதும், இருக்கிறதா இல்லையா என்று பதில் தெளிவாக வரும். வாய்ப்பு பாதிக்குப் பாதி. அம்மாவைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால், உங்களுக்கு வரவில்லையா, குடும்பத்தில் வேறு காரணமா என்று யாருக்கும் தெரியாது. அம்மா இல்லையென்றால் நோய் வந்த சின்னம்மா, பெரியம்மா. அப்பா வழியையும் மறக்காதீர்கள். ஆண்களும் இதைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கலாம். "அப்பா பக்கம்தானே" என்று தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர்.

அறுவை டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மரபியல் பிரிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். மரபணு ஆலோசகர் முதலில் உட்கார்ந்து குடும்ப மரம் வரைவார். 'பொருள் தெரியாத மாற்றம்' என்றும் ஒரு முடிவு வரலாம். உலக மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஐரோப்பிய வம்சத்தினர் என்பதால், நம்மிடம் காணப்படும் சில மாற்றங்கள் கெட்டதா நல்லதா என்று இன்னும் முடிவாகவில்லை. அப்படி வந்தால் பதறி எதையும் அறுக்கக் கூடாது.

மாமன் மகளைக் கட்டப் போகிறான் மகன். டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சட்டத்தில் சிக்கல் இல்லை. 1976 திருமணச் சட்டமே இந்துக்களுக்குத் தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தை வழக்கப்படி விட்டுக்கொடுத்திருக்கிறது.

மருத்துவம் வேறு கணக்கு. மாமன் மகளோடு டிஎன்ஏவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனோடு நாலில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 உண்டு. மாமன் மகள் என்றால் அதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய 2 கூடும். அதாவது நூறில் 95 பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. நான் இதைச் சொன்னால் ஒரு பக்கம் "பார்த்தியா" என்று சிரிப்பார்கள், இன்னொரு பக்கம் முறைப்பார்கள். ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாக இப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் சொன்ன எண் பொருந்தாது.

சொந்தத்தில் கட்டவில்லையே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. கூட்டத்துக்குள்ளேயே கட்டும் வழக்கம் இந்தியாவில் ஏறத்தாழ 1,900 வருடம் பழையது என்று 2013 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்களில் முன்னோர் வட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களைவிடவும் குறுகலாக இருந்தது. அதனால் குழுவுக்குக் குழு தனித்தனி அரிய நோய்கள். ஒரு தெலுங்கு வணிகச் சமூகத்தில் சிலருக்கு, அறுவைக்குப் போடும் ஒரு மருந்து உடலில் சீக்கிரம் கரையாமல் ஆளை நெடுநேரம் அசையவிடாமல் வைத்துவிடும். மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நடைமுறையில் நான் சொல்வது தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான சோதனை. மலேசியாவில் சுமார் 20 பேரில் ஒருவர் அதைச் சுமக்கிறார், வெளியே தெரியாது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. 2016-இலிருந்து நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே சோதனை இருக்கிறது. மகனின் பழைய அட்டையைத் தேடுங்கள், அநேகமாகப் பள்ளிச் சான்றிதழ் ஃபைலில் கிடக்கும். வீட்டில் காது கேளாத, நடக்காத பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் மட்டும் மேற்கொண்டு மரபியல் டாக்டர்.

அப்பா திடீரென்று போனார். இதயத்துக்கு ஏதாவது ஜீன் உண்டா?

உண்டு. 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, மைபிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாகச் சொன்னது. இதயத்தசை நோயோடு அதற்குத் தொடர்பு. ஆனால் இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 50 வயதுக்குள் திடீர் மரணம் குடும்பத்தில் இருந்தால் முதலில் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தக் கொழுப்பு. எக்கோவில் ஏதாவது தெரிந்தால் டாக்டரே ஜீனுக்கு அனுப்புவார்.

குழந்தையின் திறமையைச் சொல்லும் டெஸ்ட்?

நான் ஏமாந்தது இதில்தான். மகளுக்கு ஒன்பது வயது. ஒரு மண்டபத்தில் விற்பனைக் கூட்டம், தேநீர், கேசரி, திரையில் பெரிய பெரிய படங்கள். ரத்தம் எடுப்பவள் நானே மயங்கிவிட்டேன் என்றால் பாருங்கள். அறிக்கை எண்பது பக்கம், கெட்டி அட்டை. 'இசையில் நாட்டம், கணக்கில் நடுத்தரம், ஓட்டத்தில் வல்லவர்.' அவள் ஓடி நான் பார்த்ததில்லை. இன்று கணக்காளர். வேகத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் ஏசிடிஎன்3 போன்ற மரபணுக்கள் உண்மைதான், ஆனால் ஒரு பிள்ளை எதில் தேறும் என்பதை அவை சொல்லாது. காசு போனது போகட்டும், அந்த அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு வருடம் பாட்டு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதற்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடு என்று சொல்லும் சோதனை ஏதாவது?

வலிப்புக்கோ முக நரம்பு வலிக்கோ கார்பமசெபின் என்ற மருந்தை எழுதும் முன் பார்க்கும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகைச் சோதனை. அந்த வகை இருப்பவர்களில் சிலருக்கு இந்த மருந்து தோலையே உரித்துவிடும், உயிருக்கும் ஆபத்து. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம், இந்தியர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஒரே தடவை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். டாக்டர் சொன்னால் விலை கேட்காமல் எடுங்கள்.

ஐசி (அடையாள அட்டை) பிரச்சினைக்கு டிஎன்ஏ அறிக்கை உதவுமா?

தோட்டத்து லயத்தில் பிறந்து பதியாமல் விட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தாமதமாகப் பதியும்போது தேசியப் பதிவிலாகா சில வழக்குகளில் டிஎன்ஏ கேட்பதுண்டு. ஆனால் வீட்டில் துப்பி அனுப்பிய அறிக்கை செல்லாது. யார் எச்சில் என்று யாருக்குத் தெரியும்? இலாகா குறிப்பிடும் இடத்தில், அடையாளம் சரிபார்த்து எடுக்க வேண்டும். ஒரு தாய் முன்னூறு வெள்ளிக்கு மேல் கட்டி வாங்கிய தாளோடு அழுதுகொண்டு வந்தார். முதலில் இலாகாவிடம் கேட்டுவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள்.

காப்புறுதிக்காரர்கள் கேட்பார்களா? விவரம் பத்திரமா?

அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதியும் வேலையும் மரபணுவைப் பார்த்து மறுக்கப்படக் கூடாது என்று 2008-இல் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 2021-இலிருந்து காப்புறுதி நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு. இங்கே அப்படித் தனிச்சட்டம் இல்லை. நம் 2013 நிதிச் சேவைகள் சட்டப்படி, ஃபாரத்தில் கேட்ட கேள்விக்கு உண்மை சொல்வது உங்கள் பொறுப்பு. மறைத்தால் பின்னால் கோரிக்கை அடிபடும். பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் எதை முதலில் செய்வது என்று யோசியுங்கள்.

பத்திரம் பற்றி: பெட்டிச் சோதனை விற்கும் 23 அண்ட் மீ நிறுவனத்திடமிருந்து 2023-இல் 6.9 மில்லியன் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. வாடிக்கையாளர் எச்சில் யார் கைக்குப் போகும் என்று பல மாதம் பேச்சு, கடைசியில் அதை நிறுவியவர்களில் ஒருவரான ஆன் வொஜிஸ்கியின் லாப நோக்கற்ற அமைப்பே 305 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. எடுத்தவர்கள் மாதிரியை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அந்த வசதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது.

தெரியாமலே இருந்துவிட்டால் என்ன?

அதுவும் ஒரு முடிவுதான். டிஎன்ஏவின் வடிவத்தை 1953-இல் கண்டறிந்த இருவரில் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். பிற்காலத்தில் தன் முழு மரபணுவையும் வாசித்து வெளியிட்டபோது, மறதி நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை மட்டும் தனக்குக்கூடக் காட்ட வேண்டாம் என்றார். அவர் பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. தடுக்க வழியில்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பது அவர் எண்ணம். சினைப்பை, மார்பகம் போல வழியிருக்கும் விஷயத்தில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் எடுத்தீர்களா, அக்கா?

இன்னும் இல்லை. என் அம்மா 44-இல் மார்பகத்தால் போனார். சின்னம்மாவுக்குப் போன வருடம் வந்தது. மேலே எழுதியபடி அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டாக்டர் கடிதமும் கொடுத்துவிட்டார். "எனக்கு வந்தாச்சு, இனி அதைக் குடைஞ்சு என்ன?" என்று சின்னம்மா ஆறு மாதமாகத் தட்டிக் கழித்தார். உங்களுக்காக இல்லை, என் மகளுக்காக என்றேன். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. தைப்பூசம் முடியட்டும் என்று போன வாரம் அவராகவே சொன்னார். கடிதம் நாள்காட்டிக்குப் பின்னால் செருகியிருக்கிறது. கோலாலம்பூருக்கு ரயில் டிக்கெட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்.